பசிக்கு மூன்று மதிப்பெண்

அரையிறுதி ஆட்டத்தின் எழுபத்தோராவது நிமிடத்தில் கோல்கீப்பர் கையுறைகளைக் கழற்றினான்.

பந்து அப்போது மைதானத்தின் மறுமுனையில் இருந்தது. அவனை யாரும் இடிக்கவில்லை, உதைக்கவில்லை. கையுறைகளை ஜோடி சேர்த்துப் புல்லில் வைத்தான். கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கத் தொடங்கின. முதலுதவிக்காரர் ஓடி வந்து கணுக்காலைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் நடுவரைப் பார்த்தார். மூச்சு விட முடியவில்லை என்று அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

யாரோ பதினான்கு விநாடி படம் பிடித்திருந்தார்கள். ஆட்டம் முடிவதற்குள் ஊரே பார்த்துவிட்டது.

மாற்று கோல்கீப்பரை நிறுத்திக் கல்லூரி எப்படியோ தப்பிப் பிழைத்தது. இறுதி ஆட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம். மூன்று ஆண்டுகளாக அவனுக்குச் 'சுவர்' என்று பட்டம் சூட்டித் தோளில் தூக்கியவர்கள், அன்று சாயங்காலமே அந்தச் சுவரில் ஆளுக்கு ஒரு வரி கிறுக்கினார்கள். 'நாங்களும்தான் ஆபீஸில் தினமும் அழுகிறோம், எங்களுக்கு மாற்று ஆள் யார்?' என்று எழுதியவருக்கு ஆயிரத்து இருநூறு லைக் விழுந்தது.

மனநல மருத்துவர் அவனோடு ஒன்றரை மணி நேரம் பேசினார். பிறகு அவனுடைய அக்காளைத் தனியே கூப்பிட்டார்.

"ஆறு வாரம். ஆட்டம் கிடையாது, போன் கிடையாது, ஆட்டத்தைப் பத்தின பேச்சும் கிடையாது. அமைதி கிடைச்சா பரீட்சை எழுதிடுவான். கிடைக்கலைன்னா படிப்பு போகும். அதுக்கு அப்புறம் என்னென்ன போகும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அக்காள் தம்பியை விடுதியிலிருந்து கிளப்பித் தன் வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து வைத்தாள்.

அங்கேதான் சறுக்கினாள். தம்பியை ரசிகர்களிடமிருந்து ஒளித்து வைக்க, ரசிகர் பேரவைச் செயலாளரின் வீட்டையே தேர்ந்தெடுத்திருந்தாள். வேறு போக்கில்லை. அந்தச் செயலாளர்தான் அவளுடைய புருஷன்.

செயலாளருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவருடைய பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையில்தான் 'பன்னிரண்டாவது ஆள் பேரவை' கூடும். சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். 'ஒலி எழுப்பாதே' என்ற படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து எல்லோரும் கத்துவார்கள். ஒருவர்கூட அந்தக் கல்லூரியில் படித்தவரில்லை. இருவர் மட்டும் விண்ணப்பம் போட்டு இடம் கிடைக்காதவர்கள். பாசம் அவர்களுக்குத்தான் அதிகம்.

பேரவைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை, ஏழு பேர் கொண்ட குழு ஒவ்வொரு வீரனுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். நாற்பதாயிரம் பேர் பின்தொடரும் பேரவையின் முகநூல் பக்கத்தில் அது வெளியாகும். அச்சடித்த தாள் வீரன் கைக்கே போகும். அடியில் 'வீரர் கையொப்பம்' என்று கோடு. அவன் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பித் தரவேண்டும், கோப்பில் சேரும். ஜெயித்தபோது பையன்கள் சிரித்துக்கொண்டே போட்டார்கள். தோற்றபோதும் போட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு சிக்கல் வந்தது.

"எழுபத்தோரு நிமிஷம்தானே ஆடினான்? ஃபைனல்லயும் ஆடமாட்டான். ஆடாத ஆளுக்கு எப்படி மார்க் போடுறது?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"சும்மாவா இருக்கான்? ஏதோ ஒண்ணு பண்ணிக்கிட்டுத்தானே இருக்கான். அதுக்குப் போடுவோம், அதுக்குப் போடுவோம்," என்றான் ரீப்ளே. எதையும் இரண்டு தடவை சொல்லாவிட்டால் அவனுக்குச் சொன்னதாகவே தோன்றாது. பட்டப்பெயர் அப்படி வந்தது.

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மருந்து விற்பதால் குழுவில் மருத்துவர் ஸ்தானம் அவருக்கு. "என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேர் இந்த கேஸ்தான். ஒருத்தருக்கும் பசிக்கவே பசிக்காது. இவன் சாப்பிடுறானா? அதைச் சொல்லுங்க முதல்ல."

ஆறு தலைகளும் செயலாளர் பக்கம் திரும்பின.

செயலாளர் இத்தனை காலம் செயலாளராக இருந்ததற்குக் காரணம் அறை அவருடையது என்பதுதான். அவர் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் டீ சொல்லக் கிளம்புவார். இன்று ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதி அவருக்கு வெயிலில் வந்தவனுக்கு மின்விசிறி போல இருந்தது.

"காலையில... ரெண்டு முட்டை. நாலு ரொட்டி."

"நாலா!"

நோயாளிக்கு இது அதிகம் என்று, 'பசி: மூன்று' எனக் குறைத்துக் குறித்துக்கொண்டார் மருந்துக்கடைக்காரர். "சிரிச்சானா?"

"நேத்து டிவியில ஒரு வாத்து வழுக்கி விழுந்துச்சு. அதுக்கு லேசா..."

"வாத்துக்குச் சிரிக்கிறவனுக்கு மனசுல என்னய்யா நோவு?"

"நல்லாக் கேட்டீங்க, நல்லாக் கேட்டீங்க."

அன்றிலிருந்து செயலாளர் வீட்டில் செருப்புப் போடாமல் நடந்தார். பின்னறைக் கதவருகே அவருக்கு அடிக்கடி ஏதாவது விழுந்தது, குனிந்து தேடுவார். மனைவி குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பகல் ஷிப்ட். அவள் பஸ் ஏறியதும் பேரவைப் பக்கத்தில் 'நம்பகமான வட்டாரம்' பேசத் தொடங்கும். அந்த வட்டாரம் லுங்கி கட்டிக்கொண்டு கதவில் காது வைத்திருந்தது.

அடுத்த திங்கள் தாள் தயாரானது. உறக்கம் நான்கு. பசி மூன்று. அழுகை ஐந்து. நம்பகத்தன்மை இரண்டரை. பக்கத்திலும் போட்டாயிற்று.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அவனுக்குத் தெரிந்தே இருக்காது. அவனிடம்தான் போன் இல்லையே. ஆனால் மருந்துக்கடைக்காரர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "கையெழுத்து?" என்றார்.

"அவன்கிட்டப் போயி எப்படிங்க..."

"மூணு வருஷத்துல ஒரு தாள் பாக்கி உண்டா? நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல செயலாளரே?"

செயலாளர் நடைமுறைக்குக் கட்டுப்பட்டவர். மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

பையன் தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். கையை ஏதாவது சின்ன வேலையில் வைத்திருக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். முந்தின நாள் எட்டு உருப்படி மடித்தான். இன்று பதினான்காவதில் இருந்தான்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. சும்மா ஒரு கையெழுத்து."

பையன் வாங்கிப் படித்தான். மறுபடி மேலிருந்து படித்தான்.

"அழுகைக்கு நேரா ஒரு குறிப்பு போட்டிருக்கு மாமா. 'சத்தம் போதவில்லை'ன்னு. யாருக்குப் போதலை?"

"அது குழுவா சேர்ந்து எடுத்த முடிவுடா. நான் ஏழுக்குத்தான் வாதாடினேன்."

"கதவுக்கு வெளியில நின்னது குழுவா, நீங்களா?"

செயலாளர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் உதவிக்கு யாருமில்லை. "கையெழுத்தை மட்டும் போட்டுடேன். கோப்புல அந்த இடம் காலியா நிக்குது," என்றார்.

பையன் எழுந்தான். தாளைக் கையில் வைத்தபடியே குளியலறைக்குள் போனான். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. "மாப்ளே!" பதில் இல்லை. தண்ணீர் ஓடியது. செயலாளர் கதவைத் தட்டினார். பிறகு உள்ளங்கையால் அறைந்தார். சட்டைப் பையில் போன் துடித்தது. மருந்துக்கடைக்காரர்.

"வாங்கியாச்சா?"

அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு மனைவியின் எண்ணை அழுத்தினார். மூன்று தடவை தப்பாக அழுத்தி நான்காவதில் கிடைத்தது.

அவள் இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். புருஷனை எதுவும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"டேய், நான்தான். கதவைத் திறக்க வேணாம். பேசவும் வேணாம். இருக்கேன்னா ஒரு தட்டு தட்டு."

தண்ணீர் ஓடியது. செயலாளர் சுவரில் சாய்ந்தார்.

டொக்.

"சரி. குழாயை மூடு. உன் கால்கிட்ட தரையில எத்தனை டைல்ஸ் இருக்கு? எண்ணிச் சொல்லு."

வெகு நேரம் கழித்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "...பதினொண்ணு. ஒண்ணு உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சதையும் சேர்த்து எண்ணு. மூச்சு விட்டுட்டு எண்ணு."

முப்பது டைல்ஸ் எண்ணியதும் தாழ்ப்பாள் நகர்ந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் தாள் கூழாகிக்கொண்டிருந்தது. அவள் அதை வாங்கி விரித்துப் படித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரியைத் தம்பிக்குத் துணை வைத்துவிட்டு, ஆறு மணிக்குப் பேரவை கூடியபோது அவள் வகுப்பறைக்குள் வந்தாள். அலுவலகத்துப் புகார்ப் படிவத்தை மேஜைமேல் வைத்துப் பேனா மூடியைத் திறந்தாள்.

"எங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு இருநூறு பேர் கத்துவாங்க. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். உங்களுக்கு என்ன வரலை? என் தம்பி உட்கார்ந்ததுல உங்களுக்கு என்னங்க வராமப் போச்சு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

ரீப்ளே தைரியசாலி. "கௌரவம்மா, கௌரவம்."

"எந்தத் தேதியிலேர்ந்து வரலை?"

"அந்த சனிக்கிழமையிலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி ஒழுங்கா வந்துக்கிட்டிருந்துச்சா?"

ரீப்ளே வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு தடவைகூட எதுவும் சொல்லவில்லை.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அவன் ஆட்டம் எங்களுக்கு மருந்து மாதிரிம்மா. நாள் பூரா நின்னு உழைக்கிறோம். வாரத்துல ஒரு சந்தோஷம்."

"அவனுக்கு இருபது வயசுங்க. மருந்து அவனுக்குத்தான் தேவை. இன்னிக்கு அந்தக் குளியலறைக் கதவு திறக்காமப் போயிருந்தா இந்தத் தாள்ல எதுக்கு எத்தனை போட்டிருப்பீங்க?"

ஒருவர் கர்சீப்பை எடுத்தார். அவள் நனைந்த தாளை மேஜையில் ஒட்டவைத்ததுபோல் வைத்துவிட்டுப் போனாள்.

பேரவையின் மனசு உருகிவிட்டது. உண்மையாகவே உருகியது, அதுதான் ஆபத்து. அன்றே பக்கத்தில் மதிப்பெண் நீக்கப்பட்டு 'உன்னோடு நாங்கள்' என்ற வாசகம் ஏறியது. நான்குக்கு மூன்று என்ற வாக்கில் அனுதாபத் தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிறகு ஒரு யோசனை பிறந்தது.

செயலாளர் மன்னிப்புப் பரிசு கொண்டுவருபவர்போல அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "ஞாயித்துக்கிழமை இருநூறு பேர் வர்றாங்க. எல்லாரும் வெள்ளைச் சட்டை. நம்ம ஜன்னலுக்குக் கீழ நின்னு அவனுக்கு ஆறுதல் சொல்லப் போறோம். மைக் உண்டு, டிரம் உண்டு."

அவள் தட்டைத் துடைத்து அடுக்கினாள். "எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு."

"சரி."

அந்த ஒற்றைச் சொல்லில் அவர் மகிழ்ந்துபோனார். ஞாயிறு எட்டு மணிக்கு மைக் வாடகைக்காரரைப் பார்க்கப் போனவர், பத்து மணிக்கு ஊர்வலத்தோடுதான் திரும்பினார். இருநூறு பேர் ஒரு மணி நேரம் "அமைதி! அமைதி!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். எதிர்வீட்டுக் கைக்குழந்தை அலறியது. நாய்கள் அடுத்த தெருவுக்குக் குடிபோயின. பையனை ஜன்னலுக்கு அழைத்துவர உள்ளே ஓடிய செயலாளர், மடித்த போர்வையையும் காலியான அலமாரியையும் பார்த்தார்.

அவள் அலுவலகத் தோழி ஒருத்தி ஒரு மூன்றாவது மாடி வீட்டில் தனியாகக் குடியிருந்தாள். அக்காளும் தம்பியும் அங்கே போய்விட்டார்கள். முகவரியை மட்டும் சொல்ல மாட்டேன் என்றாள் மனைவி போனில். "உங்களை நம்பறேங்க. உங்க வாயைத்தான் நம்பலை."

இறுதி ஆட்டத்தில் கல்லூரி மூன்று கோல் வாங்கித் தோற்றது. பேரவை தன் வசவை மாற்று கோல்கீப்பரின் தாயாரிலிருந்து தொடங்கியது.

செயலாளர் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. தினமும் மாலை குடிநீர் அலுவலக வாசலில் மனைவிக்காகக் காத்து நின்றார். வரிசையில் நிற்கும் புகார்க்காரர் என்று நினைத்துக் காவலாளி அவருக்கு டோக்கன் கொடுத்தார். ஐந்தாவது வாரம் அவள் ஒரு துண்டுச் சீட்டில் முகவரி எழுதித் தந்தாள்.

"பத்து நிமிஷம். ஆட்டம்ங்கற வார்த்தை வரக்கூடாது."

"சத்தியமா வராது."

மூன்று மாடி ஏறும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டார். சாப்பிட்டியா? வேண்டாம், அது தப்பு. தூங்கினியா? அதைவிடத் தப்பு. சிரிச்சியா என்று கேட்கவே கூடாது. கடைசியில் 'எப்படிடா இருக்கே' என்று முடிவு செய்து மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது பையன். கையில் பாடப்புத்தகம், விரலை நடுவே அடையாளமாக வைத்திருந்தான். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது.

செயலாளர் வாயைத் திறந்தார்.

"எப்படா மறுபடி கோலுக்கு வருவே?"

சொன்ன மறுகணம் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளேயிருந்து மனைவியின் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பையன் அவளைத் திரும்பிப் பார்த்துக் கையமர்த்தினான்.

"தெரியாது மாமா," என்றான். குரல் நடுங்கவில்லை. "வராமலேகூடப் போகலாம். வியாழக்கிழமை பரீட்சை. அது முடிஞ்சதும் நானே உங்களுக்குப் போன் பண்றேன்."

கதவைச் சாத்தினான். அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினான்.

செயலாளர் படியில் நின்றார். போன் அடித்தது. ரீப்ளே.

"செயலாளரே, முகவரி கிடைச்சிருச்சுன்னு குடிநீர் ஆபீஸ் காவலாளி சொன்னாரே, பையனைப் பார்த்தீங்களா? எப்படி இருக்கான், எப்படி இருக்கான்? எல்லாரும் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருக்கோம். சும்மா சொல்லுங்க!"

வகுப்பறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது காதில் தெரிந்தது. இப்போது அவர் வாயைத் திறந்தால் டீ சொல்ல ஒருவரும் கிளம்ப மாட்டார்கள். புத்தகம், கன்னம், பரீட்சை எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவர் எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"வீடு பூட்டியிருக்குப்பா. யாருமே இல்லை," என்றார்.