ஜனவரி மாவு

செல்வராணிக்குத் துப்பறியும் தொடர் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேக் கார்டன்ஸில் இருக்கும் அவளுடைய இட்லிக் கடைக்குப் போனால் சட்னி தாமதமாகத்தான் வரும். சுவரில் மாட்டிய டிவியில் வங்காளத் துப்பறிவாளர் யாரையாவது விசாரித்துக்கொண்டிருப்பார். முதல் விளம்பரம் வருவதற்குள் கொலைகாரன் யார் என்று இவள் சொல்லிவிடுவாள். தப்பாகிப்போன நாட்களும் உண்டு. அப்போது கதை எழுதியவர்கள் மேல்தான் தப்பு. கை கழுவப் போனவன் கை ஏன் ஈரமாக இல்லை, கண்ணாடி போடாமல் கிழவர் எப்படிக் கடிதம் படித்தார் என்று அவள் கேட்க, வாடிக்கையாளர்கள் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு அதே தொடரின் படப்பிடிப்புக்குக் காலைப் பலகாரம் கொடுக்கும் ஆர்டர் கிடைத்தது. கால் தரையில் பாவவில்லை. ஒரு வாரம் இட்லியும் வடையும் கொண்டுபோனாள். எட்டாவது நாள் அவர்கள் எடுக்கும் கதை காதில் விழுந்தது.

அலிப்பூரில் ஒரு பணக்கார வீடு. ஜனவரி மாதம். காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்ட வீட்டுக்காரர் செத்துப்போகிறார். கொன்றவள் அந்த வீட்டில் பதினொரு வருடமாக இருக்கும் சமையல்காரி, ஒரு தமிழ்ப் பெண். மதியம் ஊரின் மறுகோடியில் இருக்கும் சால்ட் லேக் போய் விஷம் வாங்கி, ராத்திரி ஒன்பதுக்குத் திரும்பி மாவாட்டி, அதில் கலந்து, காலையில் பூப்போல இட்லி அவித்து வைத்தாளாம். அவள் மதியம் வெளியே போனதைப் பார்த்ததாகச் சாட்சி சொல்வது செத்தவரின் தம்பி. கொலைக்குக் காரணம் ஒரு வைர மோதிரம்.

செல்வராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இட்லிப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு நேராக டைரக்டர் பிரியம்வதாவிடம் போனாள். கதையும் அந்தப் பெண் எழுதியதுதான்.

"ஜனவரியில ராத்திரி ஒன்பதுக்கு ஆட்டின மாவு காலை ஏழுக்குப் பொங்கவே பொங்காது" என்றாள் வங்காளத்தில். "இந்த ஊர்க் குளிருக்கு நான் மதியமே ஆட்டி, கம்பளி சுத்தி, அடுப்புப் பக்கத்துல வெப்பேன்."

பிரியம்வதா சிரித்தாள். "தீதி, பாக்கிறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?" என்றாள், அக்கா முறை வைத்து.

"எனக்குத் தெரியுதே. நானும் பாக்கிறவதான்."

படப்பிடிப்பு மேனேஜர் வந்து, பலகாரம் கொண்டுவந்தால் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றார். இனி செல்வராணியை யார் நிறுத்த முடியும்? "இன்னிக்கு ராத்திரி ஒன்பதுக்கு இங்கேயே ஆட்டி வெக்கிறேன். காலைல உங்க கண்ணு முன்னாடி அவிக்கிறேன். இட்லி எழும்பிச்சுன்னா நாளைலேர்ந்து வேற கடைல வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னபடி ஆட்டி, செட்டின் சமையலறையிலேயே மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவள் கணவன் வேலாயுதம் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏட்டி, நமக்கு எதுக்கு இந்த வம்பு? கதையில யாரு யாரக் கொன்னா என்ன?"

"இதை டிவில போட்டாம்னா நம்ம கடைல இட்லியப் பிட்டுக்கிட்டு எல்லாரும் என்னப் பாத்துச் சிரிப்பாங்க. விளையாட்டுக்குத்தான் சிரிப்பாங்க. ஆனாலும் சிரிப்பாங்கல்லா?"

வேலாயுதம் மெல்லக் கேட்டான். "அங்க அம்புட்டு லைட்டு எரியுதே. அந்தச் சூட்டுல மாவு பொங்கிருச்சுன்னா?"

இதை அவள் யோசிக்கவே இல்லை. இருபத்திரண்டு வருடமாக மாவு பொங்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டு வந்தவள், பொங்கக் கூடாது என்று கும்பிட்டது அன்றைக்குத்தான்.

காலையில் லைட்டுக்காரர்கள் உட்பட எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். செல்வராணி மூடியைத் திறந்தாள். மாவு வைத்த அளவிலேயே கிடந்தது, ஒரு விரல்கூட ஏறவில்லை. அவித்து எடுத்தபோது இட்லி தட்டையாக, கெட்டியாக வந்தது. பிரியம்வதா ஒன்றைக் கஷ்டப்பட்டுப் பிட்டு வாயில் போட்டு, வெகுநேரம் மென்றாள். தான் அவித்த இட்லியை ஒருத்தி முழுங்க முடியாமல் திண்டாடுவதைப் பார்த்துச் செல்வராணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பூப்போல இட்லி தட்டுல இருக்கிற காட்சிய முந்தாநாளே எடுத்துட்டேனே" என்றாள் பிரியம்வதா.

"இருக்கட்டும். அப்படி எழும்பணும்னா மாவ மதியமே ஆட்டியிருக்கணும். அப்போ மதியம் அவ எங்க இருந்தா?"

"வீட்டுல." பிரியம்வதா மெல்லுவதை நிறுத்தினாள். "அவ வெளிய போனத பாத்தேன்னு தம்பி சொல்றாரே."

"அவன் எதுக்குப் பொய் சொன்னான்? அதைத்தான் உங்க துப்பறிவாளர் கேக்கணும். அலிப்பூர்ல அவ்வளவு பெரிய வீடு அண்ணன் பேர்ல இருக்கு, அதை விட்டுட்டு மோதிரத்தத் தேடுறீங்க. பதினொரு வருஷமா சோறு போட்ட வீட்டுல அவ ஒரு மோதிரத்துக்காகவா விஷம் வெப்பா? அதுவும் மாவுல? அந்த மாவுலதான் அவளும் ரெண்டு இட்லி ஊத்தித் தின்பா."

பிரியம்வதா அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். தம்பியின் சாட்சி ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. விஷத்தை மாவிலிருந்து சாம்பாருக்கு மாற்றினால் போதும், அதைச் சாப்பாட்டு மேசையில் ஊற்றியவனும் தம்பியே. மேனேஜர் மீதித் தட்டை இட்லிகளைப் படப்பிடிப்புக்கென்று எடுத்து வைத்துவிட்டு, செல்வராணிக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் கதை வந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. துப்பறிவாளர் ராத்திரி ஒன்பதுக்கு மாவாட்டச் சொல்லி, காலையில் அவித்த இட்லியைத் தம்பியின் முன்னால் வைத்தார். தட்டை இட்லி திரை முழுக்கத் தெரிந்தது. தம்பிக்கு வேர்த்தது. சமையல்காரியிடம் துப்பறிவாளர், "உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த வங்காளப் பெரியவர் ஒருவர் தன் தட்டைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு செல்வராணியைப் பார்த்து, அவ்வளவு மோசமான இட்லியை எந்தக் கடையில் பிடித்தார்களோ என்றார்.

செல்வராணி கரண்டியைக் கீழே வைத்து நிமிர்ந்து நின்றாள்.

"அது நான் அவிச்சது" என்றாள்.