பாட்டுப் போட்டு மறைத்த அழுகை

சிவனேஸ்வரி கதவைத் திறந்தாரே, அதற்கே சிவாஜினி ஆயுள் முழுக்க நன்றி சொல்லலாம். திறக்காமல் விட்டிருந்தாலும் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. புருஷனைப் பறிகொடுத்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. அதற்குள், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்த மனுசி அழுததை ஒரு பெடியன் பாட்டாக்கி, ஆடிக் காட்டி, ஊருலகம் சிரிக்க விட்டிருந்தான். அந்தப் பெடியன் சிவாஜினியின் ஒரே மகன் நிதுஷன். வயது பதினாறு. புத்தி எந்த வயதில் நின்றுபோனது என்பது பெற்றவளுக்கே பிடிபடவில்லை.

சிவாஜினி வீடியோ எடுப்பவள். கலியாணம், பிறந்தநாள், அரங்கேற்றம் எல்லாம் எடுப்பாள். ஆனால் சிட்னித் தமிழ்ச் சனம் அவளை அதிகம் தேடுவது செத்தவீட்டுக்குத்தான். வர முடியாத சொந்தபந்தம் யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் லண்டனிலும் போனைப் பிடித்தபடி காத்திருக்கும். அவர்களுக்கு எல்லாவற்றையும் நேரலையில் காட்ட வேண்டும். எங்கே நின்றால் முகம் தெரியும், எந்த நேரம் கமராவைப் பூவளையத்தின் பக்கம் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

சிவனேஸ்வரியின் புருஷன் சிறி அண்ணையின் செத்தவீட்டுக்கு அவளைக் கூப்பிட்டவர், அவருடைய தமையன் கௌரிசங்கர். சங்கத்தில் தலைவர், கோயில் குழுவிலும் பெரிய ஆள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் சிவாஜினிக்கு வருசம் முழுக்க வேலை இருக்கும். சொல்லாவிட்டால் வீட்டில் சும்மா இருந்து லென்ஸைத் துடைக்க வேண்டியதுதான். மண்டபத்தில் சிவனேஸ்வரி திடீரென்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு பெருங்குரலெடுத்து அழத் தொடங்கியதும், கௌரிசங்கர் சிவாஜினியின் காதடிக்கு வந்தார்.

"தங்கச்சி, சத்தத்தை நிப்பாட்டும். ஒரு பக்திப் பாட்டைப் போட்டுவிடும். வெளிநாட்டுச் சனம் பாத்துக்கொண்டிருக்குது, மரியாதை இல்லை."

இது புதுசில்லை. அழுகை கூடினால் பாட்டுப் போடுவது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம். சிவாஜினி பட்டனை அமத்தினாள். கமரா பூவளையத்துக்குத் திரும்பியது. பார்த்தவர்களுக்குப் பூவும் பாட்டும் போனது. மைக்கும் மூலையில் நின்ற இரண்டாவது கமராவும் தன்பாட்டில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டன. அந்தப் பதிவு வீட்டில் மடிக்கணினியில் கிடந்தபோதுதான் நிதுஷனின் கண்ணில் பட்டது.

அவன் முன்னரும் இப்படிச் சேட்டை விட்டவன். கோயில் வாசலில் அங்கிள்மார் செருப்புத் தேடுகிற விதத்தை நடித்துக் காட்டியபோது சிவாஜினியும் வயிறு நோகச் சிரித்தவள். இந்தத் தடவை கதை வேறு. அம்மாவின் பழைய சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த அழுகைக்கு மேளம் சேர்த்து, நெஞ்சில் அடித்தடித்து ஆடியிருந்தான். சிவனேஸ்வரியின் குரல் மேளத்துக்கு ஏற்றபடி வெட்டி வெட்டி ஒட்டியிருந்தது. மெல்பேர்ன் நோபல் பார்க்கில் இருக்கிற தன் தங்கை அனுப்பித்தான் சிவாஜினி அதைப் பார்த்தாள். அதற்குள் மெல்பேர்னிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகள் அதே ஆட்டத்தை ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கௌரிசங்கர் போன் எடுத்தார்.

"தங்கச்சி, திங்கக்கிழமை நான் பொலிசுக்குப் போறன். பள்ளிக்கூடத்துக்கும் போறன். சிவனேஸ்வரியின்ர பேரில முறைப்பாடு குடுக்கவேணும். அவ கையெழுத்து வைச்சால் காணும், மிச்சத்தை நான் பாக்கிறன். இந்த நாட்டில சட்டம் இருக்குது."

பதினோராம் வகுப்பில் பள்ளிக்கூடம் வெளியே போட்டால், பொலிஸ் பதிவு என்று ஒன்று பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால், பெடியனின் வாழ்க்கை என்னவாகும்? எல்லாம் ஒரு மனுசியின் கையெழுத்தில் தொங்கியது.

நிதுஷனோ நையாண்டி, பேச்சுரிமை என்று சட்டம் பேசினான்.

"அம்மா, இட்ஸ் சட்டையர். ஃபிரீ ஸ்பீச். லீகல் ஸ்டடீஸ்ல படிச்சனாங்கள், பொலிற்றிக்கல் கொமியூனிகேஷனை ஒருத்தரும் தடுக்க ஏலாது."

"செத்தவீட்டில என்னடா பொலிற்றிக்ஸ்?"

அவன் போனைத் தட்டத் தொடங்கினான். 'வாயை மூடு' என்று ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம். ஆனால் சொந்த வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்திக் கதைத்த காலத்தில் வளர்ந்தவள் அவள். வாயை மூடு என்பவர்களுக்குப் பயந்து பயந்தே கடல் தாண்டி வந்தவள். அதே சொல்லைத் தான் பெற்ற பிள்ளைக்குச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"நீ என்னவும் கதையடா. என்னைப் பற்றிக் கதை, பிரதமரைப் பற்றிக் கதை. ஆனா அந்த மனுசி உன்னோட வாதாட வரேல்லை. அவ அழுதவ. அவ என்ன சொல்லி அழுதவ எண்டாவது உனக்கு விளங்கினதோ?"

"நோ. சவுண்ட் ஃபன்னியா இருந்தது." அவன் குரல் இறங்கியது. "நான் அதை எடுத்திட்டன், அம்மா."

"ஊர் முழுக்கப் போனதை எங்கயிருந்து எடுப்பாய்?"

மறுநாள் காலை அவனையும் இழுத்துக்கொண்டு, மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு சிவாஜினி புறப்பட்டாள். அந்த அழுகைப் பதிவை சிவனேஸ்வரியின் கண்ணுக்கு முன்னாலேயே அழித்துவிட்டு, காலில் விழச் சொன்னாலும் விழுவது என்பதுதான் எண்ணம். சிவனேஸ்வரியின் வீடு வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடி. கதவு திறந்தது என்றேனே, அதன் பிறகு வரவேற்பு ஒன்றும் இல்லை. "கதிரையில இருங்கோ" என்றார், அவ்வளவுதான்.

"அக்கா, என்ர பிள்ளை செய்தது..." என்று சிவாஜினி தொடங்கினாள். சிவனேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினார். தன் போனை எடுத்து, நிதுஷன் ஆடிய வீடியோவைப் போட்டு, மூன்று பேருக்கும் தெரியும்படி மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

மேளம் அடித்தது. அந்தச் சின்ன அறைக்குள் அது எவ்வளவு அசிங்கமாகக் கேட்டது என்று சொல்லி முடியாது. நிதுஷன் தரைவிரிப்பைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்தன. சிவனேஸ்வரி முடியும்வரை பார்த்தார்.

"எனக்கு உன்னில கோவம்," என்றார் அவனைப் பார்த்து. "நல்ல கோவம். கண்ணை மூடினா உந்த மேளந்தான் கேக்குது."

"சொறி, அன்ரி."

"சொறியை வைச்சுக்கொள். இப்ப நான் கொம்மாவோட கதைக்கவேணும்." சிவாஜினியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அண்டைக்குப் பாட்டுப் போட்டது நீரோ?"

இந்தக் கேள்வியைச் சிவாஜினி எதிர்பார்க்கவில்லை. "ஓம் அக்கா. கௌரிசங்கர் அண்ணை சொன்னவர்."

"என்ர தங்கச்சி தர்சினி யாழ்ப்பாணத்தில, கோண்டாவிலில இருந்து பாத்தவள். அயலட்டை எல்லாம் ஒரு வீட்டில கூடியிருந்து பாத்தது. பூவும் பாட்டும் வந்ததாம். பிறகு நான் சும்மா நிக்கிறதைக் காட்டியிருக்கு. புருஷன் செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை, அவுஸ்திரேலியா போய்க் கல்லாப் போனாள் எண்டு ஊரில கதை. அவர் ஒன்பது மாசம் பாரிசவாதத்தில கிடக்கேக்குள்ள கழுவித் துடைச்சு ஊட்டினவள் நான். நான் அழேல்லையாம்."

சிவாஜினி இத்தனை செத்தவீட்டில் இத்தனை பேரின் அழுகைக்கு மேல் பாட்டுப் போட்டிருக்கிறாள். அது எங்கே போய் என்ன செய்யும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மரியாதை மரியாதை என்று ஒரு பட்டனை அமத்தினாள். அங்கே ஒரு பெண்சாதியின் மானம் போயிருக்கிறது.

"உந்தக் குரங்கு ஆடினதைப் பாத்துப்போட்டுத்தான் தர்சினி எனக்குப் போன் எடுத்தவள். 'அக்கா, நீ அழுதிருக்கிறாய் அக்கா' எண்டு கத்தினாள். பிறகு இரண்டு பேரும் போனிலயே இருந்து அழுதம்." சிவனேஸ்வரி மூக்கைத் துடைத்தார். "அதுக்காக இவன் செய்தது சரியெண்டு நான் சொல்லேல்லை. இவன் என்னை வைச்சுச் சிரிச்சவன். பெரியாக்கள் நீங்கள் என்னை இல்லாமலே ஆக்கிப்போட்டியள். உம்மட்ட முழுசா இருக்குதோ?"

"இருக்கு, அக்கா."

"அப்ப ஊருலகம் பாக்க அதை நெற்றில போடும். பாட்டு இல்லாமல்."

சிவாஜினியின் கை மடிக்கணினியின் மேல் நின்றது. அவர் என்ன சொல்லி அழுதார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குக் காதில் ஹெட்போனோடு நின்றவள் அவள். 'ஒன்பது மாசம் கட்டிலில கிடந்தீங்களே, பத்து நிமிசத் தூரத்தில இருந்த உங்கட அண்ணன் ஒருக்கால் எட்டிப் பாத்தவரோ? இண்டைக்கு மாலையோட வந்து முன்னுக்கு நிக்கிறாரே!' என்றுதான் அந்த மனுசி பெட்டியில் தலையை அடித்துக்கொண்டது. கௌரிசங்கருக்கு அன்றைக்கு எந்த மரியாதை முக்கியமாக இருந்தது என்பது இப்போது வெட்டவெளிச்சமாகிவிட்டது. இந்தச் சொல் வெளியே வராமல் அமுக்கத்தான் பொலிசும் பள்ளிக்கூடமும் என்பதும் சேர்த்தே விளங்கியது. செத்தவீட்டில் என்ன பொலிற்றிக்ஸ் என்று நேற்றுக் கேட்டவள் அவளேதான்.

இதைப் போட்டால் சங்கம், கோயில், அவர் கைகாட்டுகிற கலியாணங்கள் எல்லாம் போச்சு. ஆனாலும் சிவாஜினி மடிக்கணினியைத் திறந்து மகனுக்கு முன்னால் தள்ளினாள்.

"பாட்டை எடு. படத்தையும் பூவில இருந்து அவவின்ர முகத்துக்கு மாத்து. இரண்டாவது கமராவில இருக்குது. ஒரு சொல்லும் வெட்டாதை."

அவன் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினான். வெட்டி ஒட்டும்போது வெறும் சத்தமாகக் கேட்டதை, இப்போது முதலிலிருந்து கடைசிவரை ஒரு மனுசியின் சொல்லாகக் கேட்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, திரும்பவும் கேட்டான். ஹெட்போனைக் கழற்றினான்.

"அன்ரி, அந்த அண்ணன்... கௌரிசங்கர் அங்கிளோ? அவர் இங்கயே இருந்தும் வரேல்லையா?"

"ஓம். பெண்டில்ஹில்லில, அடுத்த ஸ்டேசன்தான்."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லை, ராசா."

அவன் திரும்பவும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டான். கண்ணைச் சட்டைக் கையால் துடைத்ததை இரண்டு பெண்களும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

வேலை முடிகிற தறுவாயில் சிவனேஸ்வரியின் போன் அடித்தது. கௌரிசங்கர். சிவனேஸ்வரி ஸ்பீக்கரைப் போட்டார்.

"சிவனேஸ்வரி, நாளைக்குக் காலமை வெளிக்கிட்டு நில்லும். கையெழுத்து மட்டும் வைச்சால் சரி. உமக்காகத்தான் இவ்வளவும் செய்யிறன்."

சிவாஜினி சிவனேஸ்வரியின் முகத்தையே பார்த்தாள். மகனின் பள்ளிக்கூடம், பெயர், எதிர்காலம் எல்லாம் அந்த மனுசியின் வாயில் இருந்தது. கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை, அதை அவரே சொன்னார். ஓம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமையும் இருந்தது.

"நான் வரேல்லை, அத்தான்," என்றார் சிவனேஸ்வரி. "பெடியன் ஒரு நிமிசந்தான் போட்டவன். நான் இப்ப முழுசாப் போடச் சொல்லியிருக்கிறன், நீங்கள் வரேல்லை எண்டு நான் சொல்லி அழுதது உட்பட. பொலிசுக்குப் போறதெண்டால் என்னையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

மறுமுனையில் கௌரிசங்கர் போனை வைத்துவிட்டார்.

நிதுஷன் கடைசிப் பட்டனை அமத்த முன்னர் சிவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். வீடியோ வெளியே போனது. கோண்டாவிலுக்கு இணைப்பையும் அனுப்பினார்கள். சிவாஜினி எழும்பி அந்த மனுசியின் இரண்டு கையையும் பிடித்தாள். எத்தனையோ சொல்ல வேண்டும் என்று வந்தவள், "அக்கா, உங்களுக்கு நான் என்னெண்டு நன்றி சொல்லுவன்" என்பதோடு நின்றுவிட்டாள். தன் பிள்ளையைக் காப்பாற்றியதற்கு மட்டுமல்ல. இனி எந்த வீட்டிலும் அந்தப் பட்டனில் தன் விரல் போகாது என்பது அவளுக்கு அந்த நேரமே தெரிந்தது. அதற்கும் சேர்த்துத்தான் அந்த நன்றி.

"இனி ஒருத்தரின்ர அழுகைக்கும் பாட்டுப் போடாதையும். அது காணும்," என்றார் சிவனேஸ்வரி.

புறப்படும்போதுதான் நிதுஷன் அந்தப் பிழையை விட்டான். துக்க வீட்டிலிருந்து போகும்போது நம் ஆட்கள் சொல்லிக்கொள்வதில்லை. திரும்பி வருவேன் என்று அங்கே சொல்லக் கூடாது, பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். மூன்று கிழமையாக அந்த வீட்டுக்கு வந்த எல்லாரும் அப்படித்தான் முதுகைக் காட்டிப் போனார்கள். இவனுக்கு எங்கே தெரியும்? எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்லச் சொல்லிச் சின்னனில் பழக்கியதை, தனக்கு ஒழுங்காக வருகிற ஒன்றிரண்டு தமிழ் வசனங்களில் ஒன்றை, வாசலில் நின்று பவ்வியமாகச் சொன்னான்.

"போட்டு வாறன், அன்ரி."

"டேய்!" என்று சிவாஜினி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

சிவனேஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய்க் கோடியில் ஒரு சிரிப்பு, வருவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் வந்தது.

"விடும் பிள்ளை. ஒருத்தராவது வாறன் எண்டு சொல்லட்டும். ஓம் ராசா, வா. அந்தச் சேலையை மட்டும் வீட்டில விட்டிட்டு வா."

படியில் இறங்கும்போது சிவாஜினிக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஸ்டேசன் பக்கத்துத் தெருவில், ஞாயிற்றுக்கிழமைச் சாமான் பைகளோடு சனம் போய்வருகிற இடத்தில், நடுவழியில் நின்று வாய்விட்டு அழுதாள். நிதுஷன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அம்மா, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்," என்றாள் சிவாஜினி.

அவன் மடிக்கணினியை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றான்.