பதினேழாம் விதி

"அப்படி இல்லைங்க. இடது காலை மடக்காதீங்க. மடக்க முடிஞ்சா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம்."

ஹாலில் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, கணவரைத் தரையில் படுக்க வைத்திருந்தாள். அச்சகத்திலிருந்து வந்தவர் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. சட்டைக் கையில் நீல மை அப்பியிருந்தது. கையை நெற்றிமேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். மதியம் சாப்பிட்டுவிட்டு அசந்து கிடப்பவரைப் போலத்தான் இருந்தது. அவள் குனிந்து அந்தக் கையை எடுத்து அவருடைய தொடைமேல் வைத்தாள். விரல்களை மடக்கித் துணியை இறுகப் பிடிக்கச் செய்தாள். முகத்தைத் தரையோடு ஒட்டினாற்போலத் திருப்பினாள். இடுப்பு எலும்பு உடைந்தவன் எப்படிக் கிடப்பான் என்று அவளுக்குத் தெரியும். தம்பியை அப்படித்தான் பார்த்தாள்.

"முனகுங்க."

முனகினார்.

"வயித்து வலி மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் உள்ளேருந்து."

"ஏம்மா, இதெல்லாம் நமக்குத் தேவையா? உன் தம்பிக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பான்?"

"நீங்க வாயத் திறக்காம இருந்தா அவனுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மறுபடி முனகினார். இந்த முறை சரியாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மலை ஓட்டத் தொடரின் நடுவில், தம்பி ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தான். ஓட்டக்காரர்களில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தவன். காலையில் விழுந்தவனைச் சாயங்காலம்தான் கண்டெடுத்தார்கள். வலி தாங்காமல் புரண்டதில் பாதையோரப் பள்ளத்துக்குள் சரிந்துவிட்டான். பின்னால் வந்த அத்தனை பேரும் அவனுக்கு மேலாகவே ஓடிப் போயிருக்கிறார்கள். அவன் பாதையில் கிடந்தபோது பார்த்தவன் ஒருவன்தான். தம்பிக்குப் பின்னால் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவன், கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவன். நீளக் கால்களுக்காக எல்லோரும் 'கொக்கு' என்று கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கடைசியில் அவன்தான் முதலில் வந்தான், கோப்பையும் வாங்கினான். விசாரித்தபோது, அடுத்த தண்ணீர் மேசையில் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்றான். அந்த மேசையில் இருந்தவர் அப்போது போட்டியை நடத்திக்கொண்டிருந்த பழைய பேங்க் மேனேஜர். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் கண்ணில் நீர் தளும்பச் சொன்னார். ஊர் அவரை நம்பியது. அவளும் நம்பினாள். விழுந்தவரைப் பார்த்தால் நிற்க வேண்டும் என்று அப்போது விதியும் இல்லை, ஆகவே கொக்குக்குத் தண்டனையும் இல்லை. தம்பிக்கு மூன்று ஆபரேஷன், இடுப்பில் தகடு, கையில் ஊன்றுகோல்.

அவள் ஓடிப் பழகியவள் இல்லை. பால் பண்ணையில் வண்டி அனுப்பும் பிரிவில் இருப்பவள். எந்த டேங்கர் எந்தச் சாலையில் எப்போது போக வேண்டும், டிரைவர் வராவிட்டால் யாரை எழுப்ப வேண்டும் என்பதுதான் வேலை. மேனேஜர் மனம் நொந்து ஒதுங்கிக்கொண்டபோது அவள் போய், நான் கூடமாட உதவுகிறேன் என்றாள். யாரும் செய்ய விரும்பாததையெல்லாம் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் கேன் ஏற்றுவது, கழிவறை வண்டிக்கு அலைவது, வனத்துறை அலுவலகத்தில் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து அனுமதி வாங்குவது. அடுத்த சீசனுக்குள் தொடரே அவள் கைக்கு வந்துவிட்டது. மழை விட்டதும் முதல் ஓட்டம், வெயில் ஏறுவதற்குள் ஐந்தாவது. ஐந்தில் சிறந்த நான்கின் புள்ளிகள் சேரும். பட்டம் வேண்டுமென்றால் ஓர் ஓட்டத்திலாவது ஓடாமல் நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெளியாள் கையிலிருந்து வாழைப்பழம்கூட வாங்கக் கூடாது. வயதானவர்களும் அவளை 'அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேச்சு எப்படியோ உண்டாகிவிட்டது.

பதினேழாம் விதியை அவளே எழுதினாள். வழியில் விழுந்து கிடப்பவர் யாராக இருந்தாலும், அவரைக் கண்டும் உடனிருக்காமல், அடுத்த மேசையிலும் சொல்லாமல் போகிறவரின் அந்த சீசன் புள்ளிகள் முழுவதும் போகும். பிறகு எந்த நாளும் இந்தத் தொடரில் ஓட முடியாது. கூட்டத்தில் வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். மருந்துக்கடைக்காரனும் தட்டினான். அந்தக் கைகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "உன் கோபத்த நீயே வெச்சுக்கோக்கா. என் பேர்ல எழுதாத" என்றான். ஆனாலும் முடிவு மேசையில் உட்கார்ந்து நேரம் பதியும் வேலைக்கு வந்தான். கொக்கு முதலாவதாக வரும்போதெல்லாம் அவன்தான் அந்த நேரத்தைத் தட்டச்சு செய்தான், முகம் சுளிக்காமல். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

கொக்கின் எதிரில் யாரும் விழவில்லை. ஒரு சீசன் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அவன் விதிகளையெல்லாம் வரி பிசகாமல் கடைப்பிடித்தான். தண்ணீர் ஊற்றும் முறை வந்தபோது மற்றவர்களைவிட முன்னால் வந்து நின்றான். அவள் ஒவ்வொரு ஓட்டத்திலும் அவன் ஏதாவது மிட்டாய் உறையை வழியில் போட்டு விதியை மீற மாட்டானா என்று பார்த்தாள். எதுவும் இல்லை. இந்த சீசனின் கடைசி ஓட்டத்தில் அவன் இரண்டாவதாக வந்தாலே பட்டம் அவனுக்கு. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது, யாரும் விழாவிட்டால் என்ன, ஆளைப் படுக்க வைக்கலாமே என்று.

ஓட்டத்தன்று காலையிலிருந்தே தூறல். மூன்றாவது மேசைக்கும் நான்காவது மேசைக்கும் இடையே, போன் எடுக்காத ஏற்றத்தில், ஓட்டங்களின் பக்கமே வராததால் கொக்குக்கு முகம் தெரியாத கணவரை இறக்கிவிட்டிருந்தாள். கொக்கு மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னால்தான் வருவான். அவன் கடந்ததும் கணவர் எழுந்து வண்டிப் பாதை வழியாக இறங்கி, சாலைமுனை பஸ் நிழற்குடையில் காத்திருக்க வேண்டும். நான்காவது மேசையில் அவளே நின்றாள். கூட இருந்த இரண்டு பேரையும் இன்னும் பழம் வேண்டும் என்று வண்டியில் அனுப்பிவிட்டாள்.

தூறலுக்குள்ளிருந்து அந்த நீளக் கால்கள் வந்தன. மழைச்சட்டை இல்லை. பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. பாட்டிலை நீட்டாமல், பழத்தைத் தொடாமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அக்கா, மேல பெரிய வளைவுக்கு முன்னாடி ஒருத்தர் விழுந்து கிடக்காரு. ஓடுறவர் இல்ல. இடுப்பு போல இருக்கு. தூக்காம ஸ்ட்ரெச்சரோட வரச் சொல்லுங்க. என் மழைச்சட்டையப் போத்திட்டு வந்திருக்கேன்."

அவள் அவனையே பார்த்தாள். மூன்று வருஷமாக அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்த காட்சியில் அவன் பேசியதே இல்லை.

"சரி" என்றாள்.

"உடனே அனுப்பிருவீங்கல்ல? நான் வேணா திரும்பிப் போகட்டுமா?"

"வேண்டாம். நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

அவன் போனான். மேசைமேல் அவன் கை வைத்த இடத்தில் ஈரம் இருந்தது. அவள் துணியை எடுத்து அதைத் துடைத்தாள். வந்தது அழுகை இல்லை. கையில் வைத்திருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடினாற்போன்ற ஆத்திரம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நல்லவனாக இருந்துவிட்டால் எல்லாம் கழிந்துவிடுமா? தம்பி பள்ளத்தில் கிடந்த அந்தப் பகல் முழுவதும் கழிந்துவிடுமா? பழம் எடுக்கப் போன வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டது. அது வந்து நிற்பதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள்.

மைதானத்தில் கொக்குதான் முதலில் வந்தான். பேக்கரிக்காரர் இரண்டாவது. பெரும்பாலானவர்கள் வந்து சேர்ந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் மைக்கை எடுத்தாள். நான்காவது மேசைக்கு முன்னால் வழிப்போக்கர் ஒருவர் விழுந்து கிடந்தார், அவரைப் பத்திரமாக இறக்கி அனுப்பியாகிவிட்டது, அவரைப் பார்த்தும் சொல்லாமல் வந்த ஒருவர் நம் நடுவில் இருக்கிறார் என்றாள். குரல் நடுங்கவே இல்லை. பதினேழாம் விதியை வாசித்தாள். பிறகு அவனைக் காட்டினாள்.

"நாந்தானேக்கா வந்து சொன்னேன்" என்றான் அவன். முதலில் சிரித்தான்கூட, ஏதோ குழப்பம் என்பதுபோல.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்ககிட்டதான்."

"என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல."

அந்த வார்த்தை இவ்வளவு லேசாக வாயில் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. அவன் அந்த ஆளைப் பார்த்ததை அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டாகிவிட்டது. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. "இதே வேலையா வெச்சிருக்கான்யா" என்றது ஒரு குரல். "மனுஷங்களுக்கு மருந்து விக்கிறானாம்" என்றது இன்னொன்று. பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கொக்கு யாரிடமும் வாதாடவில்லை. முடிவு மேசைப் பக்கம் திரும்பி, "தம்பி, அன்னைக்கும் நான் சொல்லிட்டுத்தான் போனேன்" என்று மட்டும் சொன்னான். பிறகு எண் அட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டுப் போர்வைகளுக்கு நடுவே நடந்து போனான். மைதானத்தின் கோடியில், தன் ஸ்கூட்டர் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். நனைந்த பனியனோடு நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. யாரும் போர்வை கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நெஞ்சு வரைக்கும் இனித்தது. அவனை விட்டு விலகி நின்ற ஒவ்வொரு முகத்தையும் எடுத்துப் பத்திரப்படுத்துவதுபோலப் பார்த்தாள்.

வேலைகளைப் பேக்கரிக்காரரின் ஆட்களிடம் விட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்பினாள். தம்பியை அவர்களுடைய வேனில் அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவன் ஊன்றுகோலோடு வந்து காரின் முன்கதவைத் திறந்துவிட்டான். "உங்கூடவே வரேன்" என்றான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் ஊன்றுகோலை மடியில் சாய்த்துக்கொண்டான். பிறகு, "நிஜமாவே சொல்லலையாக்கா?" என்றான்.

"நான் எதுக்குடா பொய் சொல்லப்போறேன்?"

சாலைமுனை வந்தது. நிழற்குடைக்கு வெளியே, மழையில், கணவர் நின்றிருந்தார். மஞ்சள் மழைச்சட்டை போட்டிருந்தார். கை நீளம் அதிகமாகி விரல்களைத் தாண்டித் தொங்கியது. காரைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் ஆட்டினார். நிற்காமல் போய்விடலாமா என்று ஒரு கணம் காலைப் பெடலில் அழுத்தினாள்.

"அக்கா, அது மாமா இல்ல?"

நிறுத்தினாள். கணவர் பின் சீட்டில் ஏறித் தலையை உதறினார். மழைச்சட்டையின் முதுகில் மருந்துக்கடையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. முன் சீட்டில் மைத்துனனைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. எதையாவது சொல்லிச் சமாளிக்க அவருக்கு என்றைக்குமே வராது.

"மாமா, இது யாரோடது?" என்றான் தம்பி.

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணாடியில் அவரைப் பார்க்கவில்லை.

"நல்ல மனுஷன் மாப்ள அவரு" என்று மெதுவாக ஆரம்பித்தார். "கால்ல விழாத குறையாக் கெஞ்சுனாரு. 'அண்ணே, அசையாதீங்க, வலிச்சாலும் அசையாதீங்க, பக்கத்துல பள்ளம் இருக்கு, நான் போய் ஆள் கூட்டிட்டு வரச் சொல்றேன்'னு. இதக் கழட்டிப் போத்துனாரு. எனக்கு எழுந்து உட்காந்து உண்மையச் சொல்லிரலாம்னு இருந்துச்சு. உங்கக்காவுக்குப் பயந்துட்டுக் கண்ண மூடிக்கிட்டேன்."

வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. எஞ்சினை அணைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"என்கிட்டயும் அதத்தான் சொன்னாரு" என்றான் தம்பி. "அசையாதன்னு. நாந்தான் அசைஞ்சேன்."

"இத ஏண்டா அப்பவே சொல்லல?"

"ஆஸ்பத்திரியிலயே சொன்னேன்கா. நீதான் கேக்கல."

அவன் பின்னால் கையை நீட்டினான். கணவர் மழைச்சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். தம்பி கதவைத் திறந்து, ஊன்றுகோலை முதலில் இறக்கி, பிறகு தகடு வைத்த காலை இரண்டு கைகளாலும் தூக்கி வெளியே வைத்து எழுந்தான். "எங்கடா போற? மழை பெய்யுது" என்றாள். அவன் மழைச்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடக்கத் தொடங்கினான்.

"போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் கணவரிடம். அவர் அசையவில்லை. அவள் சொல்லி அவர் செய்யாமல் இருந்தது அன்றுதான்.

மழை இருட்டில் விளக்கைப் போட்டுக் காரைத் திருப்பினாள். அவனுக்குப் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்தாள். முந்திப் போய்க் குறுக்கே நிறுத்தலாம். ஆனால் அவனைத் தாண்டிப் போக அவளால் முடியவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிக் கடந்து போனது. ஓட்டத்தில் கடைசியாக வருகிறவர்கள் இன்னும் அந்தச் சாலையோரமாக மைதானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் முழங்கால்வரை சேறு அப்பிய ஒரு பெண், காரைக் கடந்து தம்பியை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தாள். ஊன்றுகோலைப் பார்த்தாள், தோளில் கிடந்த மழைச்சட்டையைப் பார்த்தாள். அவனையும் ஓட்டக்காரன் என்றே நினைத்துக்கொண்டாள் போலிருந்தது. "விட்டுராதீங்க அண்ணா, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று அவள் சொன்னது திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கேட்டது. தம்பி தலையாட்டினான். அந்தப் பெண் ஓடிப் போகவில்லை. அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, அவன் பக்கத்திலேயே, கார் வெளிச்சத்தில் நடந்தாள்.