பாதியை நீ வச்சுக்கோ

அண்ணன் வந்து அழைப்புமணியை அடித்தபோது நான் சமையலறை ஜன்னலருகே பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். தினமும் செய்கிற வேலைதான். குலுக்காமல் விட்டால் பாசி அடியில் படிந்து அழுகிவிடும். "பொறந்த வீட்டுலேருந்து நீ கொண்டுவந்த சீதனம் இது ஒண்ணுதான்" என்று என் கணவர் கிண்டல் செய்வார். பொய்யில்லை. அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு மீன் பண்ணையை விட்டு வெளியேறிய அன்று இதை மட்டும்தான் கையில் எடுத்து வந்தேன்.

பண்ணை அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போனது. மீன் தொட்டிகள் அண்ணன் பொறுப்பு, தீவனம் என் பொறுப்பு. கடலில் பொடிமீனைப் பிடித்து, காயவைத்து, அரைத்து வளர்ப்பு மீனுக்குப் போடுகிறோம். அந்தப் பொடிமீனுக்கு நல்ல கொழுப்பு எங்கிருந்து வந்தது? கண்ணுக்குத் தெரியாத பாசியிலிருந்து. பாசியையே நேராகத் தீவனத்தில் கலந்துவிட்டால் நடுவில் இன்னொரு மீன் எதற்கு? இதை நான் சொல்லாத நாளில்லை. கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்து, மீனுக்குக் கொடுத்தும் காட்டினேன். ஒருநாள் குஞ்சுகள் செத்து மிதந்தன. தண்ணீருக்குக் காற்று ஊதும் மோட்டார் ஓடாததுதான் காரணம், பழி பாசியின் தலையில் விழுந்தது. வேலையாட்கள் எல்லோரும் பார்க்க, அண்ணன் என் தொட்டிகளைச் சாக்கடையில் திறந்துவிட்டான். "பாசி வழிக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று கத்தினான். பச்சைத் தண்ணீர் என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. நான் வேறு கம்பெனியில் தண்ணீர் பரிசோதிக்கிற வேலைக்குப் போய்விட்டேன். பாட்டிலை மட்டும் விடவில்லை. பாசி அடர்ந்ததும் பாதியைப் புதுத் தண்ணீருக்கு மாற்றி, உரம் விட்டு, மறுபடி வளர்ப்பேன். எதற்கு இந்தப் பாடு என்று கணவர் கேட்பார். என்றாவது அண்ணனுக்கு இது தேவைப்படும், அன்று வருவான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வந்துவிட்டான். தலை நரைத்திருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"மீன்தூள் கிடைக்கவே மாட்டேங்குது. கிடைச்சாலும் மணல் கலந்திருக்கு. வெளியில பாசி வாங்கிக் கலந்தேன். வாயில வச்சுட்டுத் துப்புதுங்க. உன்னோடதைத்தான் ஒழுங்காத் தின்னுச்சுங்க."

"அது அன்னைக்குத் தெரியலையா?"

"பாட்டில் இருக்கா?" என்றான்.

மன்னிப்பெல்லாம் எங்கள் வீட்டு ஆண்களின் வாயில் வராது. 'அன்னைக்குக் கொஞ்சம் ஓவராப் போயிட்டேன்' என்றாவது சொல்வான் என்று காபி ஆறும்வரை காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாட்டிலை எடுத்துவந்து அவன் முன்னால் டக்கென்று வைத்தேன்.

"தினம் குலுக்கணும். நேர் வெயில் படக்கூடாது. அடர்ந்ததும் பிரிக்கணும்."

"தெரியும். நீ செய்யறதப் பாத்திருக்கேன்." பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "காலி பாட்டில் ஏதாவது இருக்கா? பாதியை நீ வச்சுக்கோ."

"எனக்கெதுக்கு? முழுசா எடுத்துட்டுப் போ."

"இல்ல பாப்பா. என் பக்கம் செத்துப்போச்சுன்னா மறுபடி உங்கிட்டதானே வரணும்?"

"நான் வளர்த்தது. அவ்வளவு சீக்கிரம் சாகாது."

அவன் மூடியை இறுக்கித் திருகினான். பிறகு பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

காபி டம்ளரைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. பாப்பா என்று கூப்பிட்டிருக்கிறான். மறுபடி வருவதற்கு ஒரு சாக்கு கேட்டிருக்கிறான். அதே சாக்கைத்தான் மூன்று வருஷமாக நான் ஜன்னலருகே வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டவனிடம் இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கக் கூடாதா?

போன வாரம் போனில் படம் அனுப்பியிருந்தான். தொட்டி நிறையப் பச்சை. 'நல்லா வளருது. மீன் நல்லாத் தின்னுது. ஒரு கவலையும் இல்ல' என்று எழுதியிருந்தான். நானாகப் போனால் குறைந்தா போய்விடுவேன்? கால்தான் வரவில்லை. 'சந்தோஷம்' என்று பதில் அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு, அந்தப் பாசி செத்துத் தொலையட்டும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. செத்தாலும் அவன் இங்கே வரமாட்டான். என்னிடம் பாதி இல்லை என்று அவனுக்குத் தெரியும்.