பத்து நிமிடப் பழசு

திங்கட்கிழமை அச்சகமே கணினி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கொண்டாடியது. "தொட்டதும் தொறக்குதும்மா!" என்றார் மேலாளர்.

கோப்புகள் எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. அதுவரை எதைத் திறந்தாலும், 'இது மாறியிருக்கிறதா?' என்று ஒவ்வொரு கணினியும் சர்வரைக் கேட்டுக் கேட்டே நேரம் போனது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும் என்று அவள் மாற்றிவிட்டாள்.

வியாழக்கிழமை ஒரு மருந்து அட்டையில் பிழை. ஒரு மாத்திரை என்பதற்குப் பதில் இரண்டு என்று இருந்தது. பிழை பார்க்கும் அக்கா கண்டுபிடித்துச் சொன்னாள். டிசைனர் உடனே திருத்தினார். அக்கா மறுபடி திறந்தாள். இரண்டுதான்.

"திருத்திட்டேன்னு வாய் கூசாம சொல்றீங்களேண்ணே! இந்த வாரத்துல மூணாவது தடவை."

"மாத்தினேனே..."

"மருந்து சமாச்சாரம். இனிமே இவரை வச்சிக்கிட்டு மாரடிக்க முடியாது" என்றார் மேலாளர்.

டிசைனர் சர்வர் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளங்கையில் பேனாவால் 'சேவ் பண்ணு' என்று எழுதியிருந்தது.

"நான் நெசமாவே சேவ் பண்ணேனான்னு பாத்துச் சொல்லும்மா. எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுது."

அவள் சர்வரில் பார்த்தாள். பதினொன்று பன்னிரண்டுக்குச் சேமித்திருக்கிறார். ஒரு மாத்திரை. அக்காவின் கணினிக்கு ஓடினாள். அங்கே இன்னும் இரண்டு. பத்து நிமிடம் ஆகாததால் அந்தக் கணினி இன்னும் சர்வரைக் கேட்கவே இல்லை. கையிலிருந்த பழசையே காட்டிக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனிதர் தனக்கு மறதி என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

"அண்ணே, உங்க மூளை நல்லாத்தான் இருக்கு. நான் செஞ்ச வேலைதான் கோணல்" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. நடந்ததைச் சொன்னாள்.

மேலாளர் முகம் சுருங்கியது. "அப்ப மறுபடியும் ஆமை வேகமா?"

"என் மெஷின் மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத் தொறக்கட்டும்" என்றாள் அக்கா. "நான் காத்துக்கிட்டு இருந்துட்டுப் போறேன். திருத்தினது வந்துச்சான்னு வேற யாரும் பாக்கறதில்ல." பிறகு டிசைனர் பக்கம் திரும்பி, "அண்ணே, நான் பேசினது..." என்று இழுத்தாள்.

அவர் காதில் அது விழவில்லை. மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்ட்ட போக வேண்டாம். எனக்கு ஒண்ணுமில்லயாம்... டாக்டர் சொல்லலடி, நம்ம நெட்வொர்க் பொண்ணு சொல்லிச்சு!"