ஆலயம் எங்கே திரும்புகிறது

பெட்டி மறுபடியும் கோணலாக நின்றது.

ரோஸ்வித்தா வாசல்வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தாள். முதலில் ஹென்னிங் சவப்பெட்டி வண்டியைப் பெஞ்சு வரிசைகளுக்கு நேராக நிறுத்தியிருந்தான். அப்போது பீடத்தின் மேலிருந்த சிலுவை பெட்டியை விட்டு இடப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தது. இப்போது பீடத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறான். வாசல் பக்கமிருந்த பெட்டியின் தலைமாடு வலப்பக்கத்துப் பெஞ்சை இடிக்கப் போவதுபோல் நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு அண்ணி?" முன்னாலிருந்து டெட்லெஃப் கத்தினான். இறந்துபோன எக்கார்ட்டின் தம்பி. உயரமான செங்கல் சுவர்கள் அவன் குரலை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தன.

"பஸ்ஸைத் தப்பா நிறுத்தின மாதிரி இருக்கு."

ஹென்னிங் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான். அவன் அப்பா காலத்திலிருந்தே இந்த ஊரில் அடக்க வேலைகளைப் பார்த்துவரும் குடும்பம். "ரோஸ்வித்தாம்மா, இந்த இடத்துல எத்தனையோ பெட்டி வெச்சிருக்கேன். இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"அவங்கள்ல யாராவது டைல்ஸ் போடறவங்களா?"

டெட்லெஃப் சிரித்துவிட்டான். "போயும் நம்மள விடலயே மனுஷன்! எங்க வீட்டுக்கு வந்தா காபி குடிக்கிறதுக்கு முன்னாடி சுவத்துல இருக்கிற படத்தையெல்லாம் நேராக்கிட்டுத்தான் உக்காருவான். என் பொண்டாட்டி வேணும்னே ரெண்டைச் சாய்ச்சு வெப்பா."

சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மலர்வளையத்தின் ரிப்பனைச் சரிசெய்யத் தொடங்கினான்.

இன்னும் சற்று நேரத்தில் ஊரே வந்து உட்காரும். வாழ்நாளெல்லாம் அவர்கள் வீட்டுச் சமையலறைகளிலும் குளியலறைகளிலும் நூல் பிடித்து ஓடு பதித்த மனிதன், கடைசித் தடவையாக அவர்கள் முன்னால் கோணலாகக் கிடப்பதா? அது மட்டும் கூடாது. அவன் நேராகக் கிடக்க வேண்டும். காலையிலிருந்து ரோஸ்வித்தாவின் மனத்தில் வேறு எதுவுமே இல்லை. வேறு ஏதாவது எழுந்தாலும் அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

கோணல் ஆலயத்தினுடையது. மக்கள் உட்காரும் கூடமும் அதற்கப்பால் பீடம் இருக்கும் பகுதியும் ஒரே கோட்டில் இல்லை. பீடப்பகுதி கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. இங்கே முன்பு ஒரு சின்னக் கல் ஆலயம் இருந்தது. புதிதாகப் பெரியதாகக் கட்ட முடிவு செய்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகூட நிற்கக் கூடாது என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். ஆகவே சின்ன ஆலயத்தை இடிக்காமல், அதற்குக் கிழக்கே புதிய பீடப்பகுதியை எழுப்பினார்கள். பிறகு மேற்கே கூடத்தை ஆரம்பித்தார்கள். நடுவில் பழைய ஆலயம் நின்றதால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கயிறு கட்டிப் பார்க்க வழியில்லை. கடைசியில் பழையதை இடித்து வழி திறந்தபோது இரண்டும் சற்றே முகம் திருப்பிக்கொண்டு நின்றன.

பாஸ்டர் அன்கே பாட்டுத் தாள்களோடு பக்கவாட்டு அறையிலிருந்து வந்தாள். நிலைமையைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னாள்: "சிலுவையில இயேசு தலை சாய்ச்சிருக்கிற மாதிரி வேணும்னுதான் இப்படிக் கட்டினாங்கன்னு சொல்லுவாங்க."

"அதைச் சொன்னா என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும் பாஸ்டரம்மா. வேணும்னே வளைச்சவன் அதை ஏன் இவ்வளவு பாடுபட்டு மறைக்கணும்னு கேப்பாரு."

மறைத்துத்தான் இருந்தார்கள். அதுதான் எக்கார்ட்டை வாட்டியது. ஞாயிறுதோறும் பாட்டுப் பாடும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு கூரையைப் பார்ப்பான். தூண்களிலிருந்து கிளம்பி மேலே நட்சத்திரம்போல் விரிந்து கூரையைத் தாங்கும் செங்கல் விலாக்களில் எங்கேயும் ஒரு முறிவு இருக்காது. "கோணல்தான், தெரியுது. ஆனா எந்த இடத்துல திரும்புதுன்னு மட்டும் பிடிபடல ரோஸி. எனக்கே பிடிபடலன்னா எப்பேர்ப்பட்ட கொத்தனா இருந்திருப்பான்!" ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட ஒருநாள் இதைச் சொன்னான்.

"பூவை அள்ளிச் சுத்தி வெச்சுட்டா கோணல் தெரியாது அண்ணி."

"அவருக்குத் தெரியும்."

ரோஸ்வித்தா பெட்டியை நோக்கி நடந்தாள். கூடமும் பீடப்பகுதியும் சேரும் இடத்தில், பெரிய வளைவின் கீழ் இறந்தவரை வைப்பது இந்த ஊர் வழக்கம். இங்கே தரையில் ஓடுகள் இல்லை. தேய்ந்துபோன பழைய கல்லறைப் பலகைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி கிடந்தன. அவற்றை வைத்து எந்தக் கோட்டையும் பிடிக்க முடியாது.

அவள் பெட்டியின் பக்கத்தில் நின்றாள். பிறகு கண்ணை உயர்த்தி வளைவைப் பார்த்தாள், அதைத் தாங்கும் இரண்டு தூண்களைப் பார்த்தாள், அவற்றின் அடிக்கற்களைப் பார்த்தாள். இடப்பக்கத் தூண் கொஞ்சம் வாசலை நோக்கித் தள்ளி இருந்தது. வலப்பக்கத் தூண் கொஞ்சம் பீடத்தை நோக்கி.

அவள் திரைச்சீலை தைக்கிறவள். வரித்துணி இரண்டு துண்டுகள் ஒரு மூலையில் சந்தித்துத் திரும்ப வேண்டுமானால், தையல் அந்தத் திருப்பத்தின் சரிபாதியில் விழ வேண்டும். அப்படி விழுந்தால் இந்தப் பக்கத்து வரி வந்து அந்தப் பக்கத்து வரியோடு தானாகச் சேரும். தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் போதும், வரிகள் ஒன்றையொன்று தவறவிடும்.

"டெட்லெஃப், அந்த ரிப்பனைக் கழட்டு."

"இது நான் வாங்கினது அண்ணி, என் பேரு போட்டிருக்கு."

"கழட்டுடா."

ஒரு முனையை இடப்பக்கத் தூணின் அடிக்கல் விளிம்பில் டெட்லெஃப் பிடித்தான். மறுமுனையை வலப்பக்கத் தூணின் அதே விளிம்பில் ஹென்னிங் பிடித்தான். ரிப்பன் போதவில்லை. ஹென்னிங் தன் கறுப்புக் கழுத்துப்பட்டையை அவிழ்த்துச் சேர்த்து முடிந்தான்.

"இப்ப நல்ல சதுர மூலை ஒண்ணு வேணும். பெரிசா."

பாஸ்டர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பீடத்திலிருந்த பெரிய வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தரையிலயா வெக்கப் போறீங்க?"

"மூலை மடங்காம இருக்கில்ல?"

"புதுசா அட்டை போட்டது."

பாஸ்டர் தன் அங்கியின் கழுத்துத் துணியை விரித்து அதன்மேல் வேதாகமத்தை வைத்தாள். ஒரு விளிம்பு ரிப்பனைத் தொட்டது. மறுவிளிம்பு காட்டிய திசையில் ரோஸ்வித்தா கையை நீட்டினாள். "இப்படி. கொஞ்சம் இன்னும். ஹென்னிங், பின்னாடி சக்கரத்தை மட்டும் தள்ளுங்க. போதும். போதும்!"

அவள் மறுபடியும் வாசல்வரை நடந்தாள். கதவுக்கு வெளியே ஆட்கள் மெல்லப் பேசிக்கொள்வது கேட்டது. அவள் திரும்பினாள்.

பெஞ்சுகள் பெட்டியை நோக்கிப் போயின. பெட்டி சிலுவையை நோக்கிப் போனது. மேலே விலாக்கள் ஓடின. எங்கேயும் கண் இடறவில்லை. அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அப்போதும் இடறவில்லை.

"அண்ணி, இப்ப?"

அவள் முன்னால் வந்தாள். டெட்லெஃப் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டான். ஹென்னிங் கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் போனான். அவள் பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வளைவுலதான் திரும்புது," என்றாள் தாழ்ந்த குரலில். "ரெண்டு தூணையும் சேர்க்கிற கோட்டுக்குச் சதுர மூலையா வெச்சா சரியா இருக்கு. கூடத்துக்குப் பாதி, பீடத்துக்குப் பாதி."