மாட்டுக்குப் போதும்

என் மகள் ரக்ஷனா மிருக நலத்தில் முதுகலை முடித்துவிட்டாள். "அப்போ வெட்டா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வெட் என்பவர் மிருக டாக்டர், வந்த நோயைக் குணப்படுத்துவார், இவள் நோயே வராமல் பார்த்துக்கொள்வாள் என்று ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். "ஓ, நர்ஸா?" என்றாள் என் நாத்தனார். அதோடு விட்டுவிட்டேன்.

வேலைக்கா பஞ்சம்? மீன் பண்ணை, ஆய்வுக்கூடம், விமானத்தில் வந்திறங்கும் மிருகங்களைச் சோதிக்கும் இடம் என்று வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் பூனைத் தீனி விற்கும் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டது. ஏர்கான் ஆபீஸ், கை நிறையச் சம்பளம். மாட்டுப் பொங்கலன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பி முடித்தேன். அவள் மனமோ, படிக்கும்போது ஆராய்ச்சி செய்த லிம் சூ காங் பால் பண்ணையிலேயே கிடந்தது. பண்ணை முதலாளி சின்னத்தம்பி அவளை அவ்வப்போது உதவிக்குக் கூப்பிடுவாரே தவிர, நிரந்தர வேலை என்று வாயைத் திறந்ததில்லை.

"அவரு கேட்கவே இல்ல, நீ எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கே?" என்றேன்.

"கேட்பாரும்மா. நான் அவருக்கு வேணும். அது இன்னும் அவருக்குத் தெரியல, அவ்வளவுதான் லா."

திமிர்! அப்படியே என்னைப்போல.

மாட்டுப் பொங்கலன்று சின்னத்தம்பி தேக்கா கடைத்தெருவில் நடக்கும் பொங்கல் விழாவுக்கு இரண்டு பசுக்களை அனுப்பியிருந்தார். கேம்பல் லேனில் தடுப்புக் கம்பிக்குள் அவை நிற்க, வெளியே வரிசை முக்குவரை போயிற்று. ஆளுக்கொரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல், கையில் ஃபோன். ரக்ஷனா பூட்ஸ் காலோடு உள்ளே நின்றிருந்தாள். நான் நெய்யும் முந்திரியுமாகப் பெரிய தூக்குச்சட்டி நிறையப் பொங்கலைப் பூன் லே வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயிலில் சுமந்து வந்திருந்தேன். பசுவுக்குக் கொடுத்தால் புண்ணியம், அதுவும் மகளுக்கு வேலை கிடைத்த வருடம்.

என் முறை வந்தது. சட்டியை நீட்டினேன். ரக்ஷனா அதன்மேல் கை வைத்து மூடினாள்.

"வேணாம்மா."

"என்னடி இது, எல்லாரும் கொடுக்குறாங்க!"

"இனிமே யாரும் கொடுக்க மாட்டாங்க."

சிவப்புப் பசுவைக் காட்டினாள். அது அசை போடுவதை நிறுத்தியிருந்தது. இடது விலாப் பக்கம் புடைத்திருந்தது. ரக்ஷனா அங்கே தட்டினாள். மேளம்போலச் சத்தம் வந்தது. அவள் தடுப்பை இழுத்து மூடிவிட்டு உரக்கச் சொன்னாள்: "சாரி, ஃபீடிங் முடிஞ்சிருச்சு. மாட்டுக்குப் புல்லு தின்னுற வயிறு. இவ்வளவு சோறும் வெல்லமும் அதுக்கு விஷம். வயித்துல கேஸ் கட்டிக்கிச்சு."

வரிசையே கொதித்தது. நல்ல நாளில் இப்படியா என்றார் ஒருவர். காலையிலிருந்து நிற்கிறோம் என்றாள் ஒருத்தி. சின்னத்தம்பி ஓடிவந்து, "ஒரு வாய்தானே, கொடுக்கட்டும்மா, கெட்ட பேராயிடும்" என்று கெஞ்சினார்.

"அண்ணே, மாடு படுத்துருச்சுன்னா அதைவிடக் கெட்ட பேரு. டாக்டருக்கு ஃபோன் போட்டாச்சு, கிளம்பிட்டாரு. அதுவரைக்கும் நடத்திக்கிட்டே இருக்கச் சொல்றாரு."

அவ்வளவுதான் பேச்சு. கயிற்றைப் பிடித்து அந்தச் சின்ன இடத்துக்குள் பசுவைச் சுற்றிச் சுற்றி நடத்தினாள். ஒருத்தரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவளை நாலு பேர் முன்னால் இப்படியா தடுப்பது? ஆனால் அவள் கை பசுவின் விலாவைவிட்டு நகராததையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அந்தக் கைக்கு என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. திரும்பி, என் சட்டியை வரிசையில் நின்றவர்களுக்கு நீட்டினேன்.

"மாடு சாப்பிடாட்டி என்ன, நீங்க சாப்பிடுங்க."

சட்டி பாதி காலியானபோது பசு கழுத்தை நீட்டி ஒரு ஏப்பம் விட்டது. அப்பப்பா, தெரு முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்தடுத்து இன்னும் சில. வந்த டாக்டர் விலாவைத் தட்டிப் பார்த்து, "நல்லவேளை, முன்னாடியே நிறுத்துனீங்க" என்றார்.

சின்னத்தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு ரக்ஷனாவிடம் வந்தார். "ஏம்மா, நீ நம்ம பண்ணைக்கே ஃபுல்டைமா வந்துடேன்."

"வரேன். ஆனா மாடுங்க என்ன தின்னணும், எப்போ வெளிய போகணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள ஆஃபர் அனுப்புங்க, நான் இன்னொரு இடத்துக்குப் பதில் சொல்லணும்."

அவர் தலையாட்டினார். ரயிலில் ஏறும்போதே ஆஃபர் வந்துவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பூனைத் தீனிக் கம்பெனிக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். சம்பளம் எவ்வளவு குறைச்சல் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வயிறு எரியும்.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். "என்ன அண்ணி, பூனைக் கம்பெனியில சேர்ந்துட்டாளா?"

"இல்ல. மாட்டுப் பண்ணையில."

"அங்க என்ன வேலை?"

"எல்லாரும் போடு போடுன்னு நிக்கிறப்போ, போதும்னு சொல்ற வேலை," என்றேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

ரக்ஷனா குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். மிச்சப் பொங்கலை அவள் தட்டில் வைத்தேன். அடுத்த கரண்டியை எடுத்தேன்.

"போதும்மா," என்றாள்.

இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இதுவரை மரியாதை இருந்ததில்லை. கரண்டியைச் சட்டியிலேயே போட்டேன்.